லியோ வாங்கி வைத்த கேபினெட்

பாப்பா,

"கம்ப்யூட்டரை நான் எடுத்துட்டுப் போகட்டுமாப்பா?" என்று போன வாரம் சாப்பிடும்போது கேட்டாய். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். அம்மா உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் நீ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெங்களூரில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது. துணியும் புத்தகமும் கட்டி வாசல் அறையில் அடுக்கிவிட்டாய். அந்த மேசையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாய். உன் சம்பாத்தியத்தில் நீ வாங்கிய பொருளை எடுத்துப் போக என்னிடம் அனுமதி கேட்கிறாய் என்றால், இந்த வீட்டில் அந்தப் பொருள் எப்படி ஆகிவிட்டது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உட்கார்ந்து பேசினால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் லியோ துவாக்குடியில் அந்தச் சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திட்டம் வைத்திருந்தான். கடையில் முழுசாக வாங்கினால் ஏமாற்றுவார்கள், சம்பளம் வர வர ஒவ்வொரு பாகமாக வாங்கி நானே மாட்டுவேன் என்றான். முதலில் வாங்கியது கேபினெட். எல்லாப் பாகங்களையும் உள்ளே வைத்து மூடுகிற வெறும் கூடு அது. கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிக்கொண்டு வந்தான். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி. "மீன்தொட்டி மாதிரி இருக்கேடா" என்றேன். "உள்ள லைட் எரியறப்ப பாருங்கப்பா, அப்புறம் சொல்லுங்க" என்றான். அடுத்து, தள்ளுபடியில் வந்தது என்று, மற்றப் பாகங்களை மாட்டுகிற மதர்போர்டை வாங்கினான். மூன்றாவதாகப் பவர் சப்ளை. அது ஒன்றுதான் என் பேச்சைக் கேட்டு வாங்கியது. ரயில் பெட்டிகளுக்கு ஒயரிங் செய்தே ரிட்டயர் ஆனவன் நான். வேறு எதில் வேண்டுமானாலும் கையைச் சுருக்கிக்கொள், கரண்ட் கொடுக்கிற பொருளில் மட்டும் மலிவாகப் போகாதே, அது போனால் தனியாகப் போகாது, கூட இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். விலை அதிகமான பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தீபாவளிக்கு என்று தள்ளி வைத்தான்.

ஆடி மாதம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம் அவன் சிநேகிதர்களோடு குளிக்கப் போனான். முதலில் அவன் பைக் சாவியும் செல்போனும் வீட்டுக்கு வந்தன. அப்புறம்தான் அவன் வந்தான். நீ அப்போது காலேஜில் சேர்ந்த வருஷம். போர்டையும் பவர் சப்ளையையும் பெட்டி பிரிக்காமல் பரணில் ஏற்றினேன். கேபினெட் பரணில் நுழையவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெருக்கும்போது அம்மாவின் துடைப்பம் அதில் இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் பெருக்கப் போய்விடுவாள்.

வருஷங்கள் போயின. நீ விளையாட்டுகளுக்குக் காடும் கோட்டையும் வரைகிற வேலையைக் கற்றுக்கொண்டாய். முதல் ஒப்பந்தம் வந்தபோது, உன் லேப்டாப் அதற்குத் தாங்காது, நீ செய்வதை நீயே ஓட்டிப் பார்க்க உயர்ந்த ரகக் கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொன்னாய். கையில் இருக்கிற பணத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னாய். நான் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். பெட்டிகளை இறக்கி உன் முன்னால் வைத்தபோது உன் முகம் மாறியதை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, அண்ணனோட போர்டு பழைய ரகம்ப்பா. இதுல உட்கார்ற பிராசசர் இப்ப யாரும் செய்யறதே இல்ல."

"பழசு கிடைக்காதா?"

"கிடைக்கும். நல்லதா ஒண்ணு வேணும்னா புதுசு விலை சொல்றாங்க."

"அப்ப அதையே வாங்கு. போர்டுதான் கையில இருக்கே."

அன்று நீ எவ்வளவு பொறுமையாக எனக்கு விளக்கினாய் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இந்த மாதிரிக் கம்ப்யூட்டரில் பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போக வேண்டும், பிராசசரில் உச்சத்தில் இருப்பதற்கு ஒரு படி கீழே எடுத்தால் விளையாட்டில் வித்தியாசமே தெரியாது, மிச்சமாகும் தொகையில் கார்டில் ஒரு படி மேலே போகலாம். போர்டு இன்னும் சில வருஷங்களுக்குப் புதுப் பிராசசர் ஏற்றுக்கொள்கிற மாதிரி இருந்தால், பின்னால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியிருக்காது. பழைய போர்டுக்காகப் பழைய பிராசசர், அதற்காகப் பழைய ராம் மெமரி என்று போனால், இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை கொடுப்போம் என்றாய். எல்லாம் சரியான பேச்சு. எனக்கு ஒன்றுகூட ஏறவில்லை. அந்தப் போர்டில் கரண்ட் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குள் இருந்தது. கடைசியில் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனில் தேட ஆரம்பித்தாய்.

ஸ்ரீரங்கத்தில் ஒருவரிடம் அந்தப் பழைய பிராசசர் இருந்தது. லியோ போனதிலிருந்து நான் காவிரிப் பாலத்தைத் தாண்டியதில்லை. கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அம்மாவை மட்டும் அனுப்பிவிடுவேன். அன்று உன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். நீ கண்ணாடியில் பார்த்திருப்பாய். மாம்பழச்சாலை சிக்னலில் வண்டி நின்றபோதுதான் திறந்தேன்.

கீழச்சித்திரை வீதியில் மாடி வீடு. வைதேகி என்று ஒரு அம்மாள், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிற வேலை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார். காபி கொடுத்து உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து காட்டினார். நீ பிராசசரின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நான் சொல்றேனேன்னு நினைச்சுக்காதீங்கோ. இந்த விலைக்கு இதை நானே வாங்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டேள்னா புதுப் பிராசசரும் போர்டும் சேர்ந்தே வந்துடும்."

"போர்டு எங்ககிட்ட இருக்குங்க. இதுக்குத்தான் பொருந்தும்."

"யார் வாங்கினது?"

"பையன்."

"அப்போ அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன். வாங்கினவருக்குத்தானே எதுக்காக வாங்கினோம்னு தெரியும்."

நீ பிராசசரை டப்பாவுக்குள் வைத்துவிட்டாய். "அவன் ஊர்ல இல்லீங்க" என்றேன். "வந்ததும் கேளுங்கோ. நான் யாருக்கும் குடுக்காம எடுத்து வெக்கறேன்" என்றார் அந்த அம்மாள். நல்ல மனுஷி. போயிட்டு வரேங்க என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் பாதி தூரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓரமாக நிறுத்தினாய். காவிரியில் அன்று தண்ணீர் குறைவு, மணல் திட்டில் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். லியோவை எடுத்துக்கொண்டது இந்த ஆறு இல்லை, ஸ்ரீரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஓடுகிற கொள்ளிடம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாங்கினவருக்குத் தெரியும் என்று அந்த அம்மாள் சொன்னது காதிலேயே இருந்தது. அவன் எதற்காக வாங்கினான்? விளையாடத்தான் வாங்கினான். இருபத்தோரு வயசுப் பையன், தன் சம்பளத்தில், சந்தோஷமாக விளையாட வாங்கினான். இன்றைக்கு அவன் உயிரோடு இருந்தால் அந்தப் போர்டை எப்போதோ விற்றுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பான்.

"புது போர்டே வாங்கிடலாம் பாப்பா" என்றேன்.

"நிஜமாவாப்பா?"

"வண்டிய எடு."

தில்லை நகர்க் கடையில் நீ பேரம் பேசியதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். விளக்கு எரிகிற ராமைக் காட்டினார்கள், அதே வேகத்தில் விளக்கில்லாதது கொடுங்கள் என்றாய். ஒரே பெரிய ராமுக்குப் பதில் இரண்டாகப் பிரித்து வாங்கினாய், ஜோடியாக இருந்தால்தான் வேகம் என்றாய். தண்ணீர் ஓடிக் குளிர வைக்கிற சாதனத்தை எடுத்துக் காட்டியபோது, இந்தப் பிராசசருக்குச் சாதாரண ஃபேனே போதும் என்று சொல்லிவிட்டுக் கார்டைக் கேட்டாய். கார்டுக்கு மட்டும் பேரம் பேசவில்லை. கேபினெட் வேண்டாமா என்று கேட்டார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "வீட்ல இருக்கு" என்றாய்.

ஹாலில் பாய் விரித்து மாட்டினோம். கட்டிலுக்கடியிலிருந்து கேபினெட்டை இழுத்ததும் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். லியோவின் பவர் சப்ளையை நானே திருகி உட்கார வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. ஃபேன்கள் சுற்றின. திரையில் வெளிச்சம் வந்தது. நீ ஒரு விளையாட்டைப் போட்டாய், காட்டுக்குள் ஒருவன் நடந்து போனான், கொஞ்ச நேரத்தில் பட்டென்று எல்லாம் அணைந்தது. திரும்பப் போட்டோம், திரும்ப அணைந்தது. நீ பயந்துபோய்க் கார்டைத் தொட்டுப் பார்த்தாய். நான் மீட்டரை எடுத்து வந்தேன். பவர் சப்ளை சும்மா இருக்கும்போது சரியாகக் கரண்ட் கொடுக்கிறது, சுமை ஏறினால் தாங்கவில்லை. பரணின் வெயிலில் அத்தனை வருஷம் கிடந்ததாலோ, செய்யும்போதே இருந்த குறையோ, தெரியவில்லை. என் சொல் கேட்டு அவன் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

புதிதாக வாங்கக் கையில் மிச்சமில்லை. பெட்டியின் மேல் பத்து வருஷ வாரண்டி என்று போட்டிருந்ததை நீதான் பார்த்தாய். லியோ வாங்கிய அன்றைக்கே தன் பெயரில், தன் நம்பரில் பதிந்து வைத்திருந்தான். அந்த நம்பருக்கு நான் மாதாமாதம் ரீசார்ஜ் செய்து வருவது உனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், கேட்டதில்லை. பீரோவிலிருந்து போனை எடுத்து நான் உன்னிடம் நீட்டியபோது, அதில் சார்ஜ் இருந்ததைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தாய். புகாரைப் பதிவு செய்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாய்.

மறுநாள் காலை அது அடித்தது. அந்த ஒலி இந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அம்மா சமையலறையில் கையிலிருந்ததைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நான் எடுத்தேன். பவர் சப்ளை கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"வணக்கம் சார். லியோ சார் பேசறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்பா பேசுகிறேன், அவன் இல்லை என்று சொல்லியிருந்தால், என்ன சார் ஆச்சு என்று அந்தப் பெண் கேட்டிருப்பாள், நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"ஆமா, லியோதான் பேசறேன்."

போனில் என் குரலும் அவன் குரலும் ஒரே மாதிரி இருக்கும், ஞாபகமிருக்கிறதா? உன் அத்தைகூட ஏமாந்துபோய் என்னிடம் "டேய் லியோ" என்பாள். அந்தப் பெண் பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். எங்கே வாங்கினீங்க சார் என்றாள், சொன்னேன். எப்படி நின்றுபோகிறது என்று கேட்டாள், சுமை ஏறினால் தாங்கவில்லை என்றேன்.

"வேற நம்பர் ஏதாவது குடுங்க சார், இது எடுக்கலேன்னா கூப்பிட."

என் நம்பரைச் சொன்னேன்.

"இது யாரோட நம்பர் சார்?"

"எங்க அப்பாவோடது."

வைத்துவிட்டுத் திரும்பினால் நீ வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாய். எவ்வளவு நேரமாக நின்றாய் என்று நான் கேட்கவில்லை. நீ வந்து என் கையிலிருந்து போனை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "டீ போடட்டுமாப்பா" என்று கேட்டாய். அன்று நீ ஒன்றும் சொல்லாமல் விட்டதற்கு நான் இன்றுவரை உனக்கு நன்றி சொன்னதில்லை.

இன்னொன்று நீ அறியாதது. மாற்றுப் பவர் சப்ளை வந்த அன்று நீ வீட்டில் இல்லை. கொண்டுவந்தவர் வாசலில் நின்று "லியோ இருக்காராம்மா?" என்று கேட்டார். நான் எழுவதற்குள் அம்மா போய்விட்டாள். "என் பையன்தான், குடுங்க" என்று கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சின்னக் குழந்தையை இடுப்பில் ஏற்றுகிற மாதிரி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் கட்டில் மேல் வைத்தாள். புடவையை மாற்றிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்றதே இல்லை. நீ லியோவின் அறையிலேயே மேசை போட்டுக்கொண்டாய். வேலையை ஓடவிட்டுவிட்டு நீ வெளியே போகும் மதிய நேரங்களில், பூட்டாத கதவுக்கு உள்ளே ஃபேன்கள் ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். வேகமாகச் சுற்றும், கொஞ்சம் அடங்கும், மறுபடி ஏறும். யாரோ உள்ளே இருப்பது போலவே இருக்கும். ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. திரையில் உன் காடு, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரமாக முளைத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நீ இல்லாத மதியங்களில் தினத்தாளை எடுத்துக்கொண்டு அந்தக் கதவோரம் உட்காருவேன். அம்மாவும் கீரையை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்து ஆய்வாள். நீ எடுத்துப் போகட்டுமா என்று கேட்டபோது, எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் தோன்றியது அந்த மதியங்கள்தான்.

நேற்று நீ சிநேகிதியைப் பார்க்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருந்தாய். ஒருவேளை அனுப்புவதாக இருந்தால் எப்படிக் கட்டுவது என்று பார்க்கலாம் என உள்ளே போனேன். கேபினெட்டின் பக்கக் கண்ணாடி எப்போதும் போலச் சுவரில் சாய்ந்து நின்றது. முன்பு ஒருமுறை, ஏன் திறந்தே வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, "உள்ள பார்க்க நல்லாயிருக்குப்பா" என்று சொன்னாய். நம்பினேன். நேற்று அந்தக் கண்ணாடியைப் பொருத்தித் திருகி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீ விளையாடும் விளையாட்டைப் போட்டேன். போடத் தெரியாதா எனக்கு, உன்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். திரையின் மூலையில் சூடு காட்டும் எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஃபேன்கள் கதறின. காட்டில் நடந்தவன் ஓர் அடி வைக்கத் திணறினான். கண்ணாடியில் கை வைத்தேன், சுட்டது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல்கூட நுழையாத கீற்று. கண்ணாடியைக் கழற்றியதும் சத்தம் அடங்கியது.

வயர் வேலை செய்தே வாழ்ந்தவன், சூடு எப்படி வெளியேறும் என்று பார்க்காமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். நீ முதல் நாளே பார்த்திருப்பாய். அவ்வளவு கணக்குப் பார்த்துக் கார்டு வாங்கினவளுக்கு, அந்தக் கார்டு மூச்சு முட்டுவது தெரியாமலா இருக்கும்? இருக்கிற பாகங்களிலேயே மலிவானது கேபினெட்தான். உன் ஒரு மாத மிச்சத்தில் நல்லது வாங்கியிருக்கலாம். வாங்காமல், கதவு திறந்த மாதிரியே வைத்துக்கொண்டு, தூசியைத் துடைத்துத் துடைத்து, என்னிடம் பொய் சொல்லிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாய்.

நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். அந்த அறைக்குள் அவள் வந்து வெகுநாளாயிற்று.

"என்னங்க, கெட்டுப்போச்சா?"

"கெடல. கூடுதான் சரியில்ல. காத்து போகல."

"லியோ வாங்கினதா?"

"ம்."

குனிந்து உள்ளே பார்த்தாள். "இதுல அவன் வாங்கினது வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். போர்டு திரும்பவும் பரணில் இருக்கிறது. பவர் சப்ளை மாறி வந்தது, வேறு ஒன்று. "வேற ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் முந்தானையால் மேல்பக்கத்தைத் துடைத்தாள். தூசி இல்லாத இடத்தையும் துடைத்தாள். அப்புறம், "பாவம், புள்ள இதோட எப்படிக் கஷ்டப்பட்டுச்சோ" என்றாள். உன்னைச் சொன்னாளா அவனைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஆகவே எடுத்துப் போ பாப்பா. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அது வந்த பெட்டியிலேயே வைத்துவிட்டேன். மாட்டியபடியே லாரியில் போனால் அதன் கனத்தில் போர்டில் அதைச் செருகிய இடம் பிய்ந்துவிடும். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போ. மற்றதை அந்தக் கேபினெட்டிலேயே, உள்ளே பழந்துணி அடைத்துக் கட்டியிருக்கிறேன், ஊர் போய்ச் சேரும்வரை அது தாங்கும். போய் இறங்கியதும் முதல் வேலையாக வேறு கேபினெட் வாங்கு. முன்பக்கம் வலை போட்டதாக, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கண்ணாடிக்குக் காசு கொடுக்காதே. வாங்குவதற்கான பணத்தைக் கார்டுப் பெட்டிக்குள் அம்மா வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடு.

மாற்றி முடித்ததும் பழைய கேபினெட்டை என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

அப்பா